பிரான்சில் விற்கும் தவளைக்கால் பிரெஞ்சுத் தவளை அல்ல

"பிரான்ஸ் கடையில் வாங்கினால் அந்த ஊர்ப் பண்ணைத் தவளைதான், இயற்கைக்குக் கெடுதல் இல்லை" என்று உங்கள் தவளைக்கால் சமையல் குறிப்பில் எழுதியிருக்கிறீர்கள். அது சரியல்ல. பிரான்சில் விற்பனைக்காகக் காட்டுத் தவளை பிடிப்பதை 1980லேயே தடை செய்துவிட்டார்கள். சில இடங்களில் மட்டும் அனுமதி உண்டு. அங்கே பண்ணைகளும் விரல்விட்டு எண்ணக்கூடியவைதான். உறைந்த பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள், பெரும்பாலும் இந்தோனேசியா என்றுதான் இருக்கும். அதில் பெரும்பகுதி வயலிலும் சதுப்பிலும் பிடித்தவை. வியட்நாமிலிருந்து பண்ணைத் தவளையும் வருகிறது. கெடுதல் வேண்டாம் என்பவர்கள் பண்ணையில் வளர்த்தது என்று தெளிவாக எழுதியிருப்பதை வாங்கட்டும்.

இதில் நமக்கும் அனுபவம் உண்டு. ஒரு காலத்தில் இந்தியாதான் பெரிய ஏற்றுமதி நாடு. வயல் பூச்சிகளைத் தின்னும் தவளைகள் குறைந்துபோன கவலையில் 1987ல் ஏற்றுமதியை நிறுத்தினார்கள். அதே சுமையைத்தான் இப்போது இந்தோனேசிய வயல்கள் சுமக்கின்றன.

அப்புறம், "லேசாக வதக்கினால் போதும்" என்பதையும் தயவுசெய்து மாற்றுங்கள். தவளை இறைச்சியில் சால்மோனெல்லா என்ற நோய்க்கிருமியும் ஒட்டுண்ணிப் புழுவும் இருக்கலாம். ஃபிரிட்ஜிலேயே பனி இளகவிட்டு, ஈரத்தை நன்றாக ஒற்றி எடுத்து, மாவில் புரட்டி வெண்ணெயில் பொரியுங்கள். தொடையின் தடித்த இடத்தில் சதை வெள்ளையாகி எலும்பை விட்டுக் கழன்று வர வேண்டும். பூண்டும் பார்ஸ்லித் தழையும் கடைசியில்தான், முன்பே போட்டால் பூண்டு கருகிவிடும்.