பாடநூல் கிடைக்கிறது, மற்றவை?
தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடநூல்கள் எல்லாம் இணையத்தில் இலவசமாக இருப்பதால் வகுப்பில் என்ன சொல்லித்தருகிறார்கள் என்று எந்தப் பெற்றோரும் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். பாடநூல் வரைக்கும் சரி. போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள்கூட பாடநூல் கழகத்தின் பிடிஎஃப்பைத்தான் நம்பியிருக்கிறார்கள், அது பெரிய விஷயம். ஆனால் சின்ன வகுப்புகளில் பாடநூல் மட்டுமா பாடம்? சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-ல் செயல்வழிக் கற்றல் (பிள்ளைகள் பாட அட்டைகளை எடுத்துத் தாங்களே செய்து படிக்கும் முறை) வந்த பிறகு அட்டைதான் பாடமாக இருந்தது. வியாசர்பாடியில் படித்த என் மகள் தட்டிலிருந்து அட்டையை எடுத்துப் படித்துவிட்டு அங்கேயே வைத்துவிட்டு வருவாள். இன்றைக்கு என்ன பாடம் என்று கேட்டால் அட்டையில் இருந்த படத்தைச் சொல்வாள். அதை வைத்துக்கொண்டு வீட்டில் என்ன சொல்லிக்கொடுப்பது? சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு அடிப்படை எழுத்தும் கணக்கும் கற்றுத்தர 2022-ல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில், பிள்ளைக்கு எவ்வளவு தெரிகிறது என்று பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிக்கிறார்கள். மாலையில் என்னிடம் படிக்க வரும் பிள்ளைகள் எந்த நிலையில் இருக்கிறார்கள் என்று அவர்களுடைய அம்மாக்களுக்கே தெரியவில்லை. புத்தகத்தில் உள்ள க்யூஆர் கோடை போனில் ஸ்கேன் செய்தால் போதுமே என்று அந்தக் கட்டுரைக்குக் கீழே ஒருவர் எழுதியிருக்கிறார். மீனவர்கள் வாழும் காசிமேட்டில் பல வீடுகளில் இருப்பது ஒரே போன். அதுவும் விடிவதற்கு முன்பே அப்பாவோடு துறைமுகத்துக்குப் போய்விடும். அதனால் அரசிடம் நான் கேட்பது இதுதான்: தண்டையார்பேட்டை, ராயபுரம், கொடுங்கையூர் பக்கம் இருக்கிற கிளை நூலகங்களில் வகுப்புக்கு ஒரு செட் பாடநூல், பயிற்சி நூல், ஆசிரியர் கையேடு மூன்றையும் வையுங்கள். அச்சடிக்கும்போதே கூடுதலாகச் சில கட்டு போட்டால் முடிகிற வேலை. கையேட்டை முக்கியமாக வையுங்கள், எந்தப் பாடத்தை எதற்காக நடத்துகிறார்கள் என்பது அதில்தான் இருக்கிறது.