பிள்ளைகளுக்காகக் கேள்வி கேட்கிறவர்களுக்கும் காசு கொடுங்கள்

வெளிநாட்டில் இருக்கிற எங்கள் ஆட்கள் ஊருக்கு உதவ நினைத்தால் முதலில் கேட்பது, "எத்தனை பிள்ளைகளுக்கு, என்ன கொடுக்கலாம்?" என்றுதான். நல்ல மனசோடு கேட்கிறார்கள். வெல்லாவெளியிலோ வாகரையிலோ புதுப் பையும் சப்பாத்தும் கிடைத்த பிள்ளையை நேரில் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும், நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் மட்டக்களப்பில் சிறுவர்களோடு வேலை செய்யும் நிறுவனங்களில் பல வருடம் இருந்தவள் என்ற முறையில் ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பையையும் கொப்பியையும் விட இங்கே பிள்ளைகளுக்குக் கூடுதலாகத் தட்டுப்பாடாக இருப்பது, அவர்களைப் பற்றி முடிவெடுக்கிற கூட்டங்களில் அவர்களுக்காகப் பேசுகிற ஆள். அந்த வேலைக்குக் காசு தர யாரும் முன்வருவதில்லை. "பேசுறதுக்கு என்னத்துக்குக் காசு?" என்று என் சொந்தக்காரர் ஒருவரே கேட்டார். அவருக்கு எழுத நினைத்தது நீண்டுபோய் இந்தப் பதிவாகிவிட்டது.

2024 நவம்பர் 26ஆம் தேதியை அம்பாறையில் யாரும் மறக்க மாட்டார்கள். மழை கொட்டிக்கொண்டிருந்தது. காரைதீவு மாவடிப்பள்ளி வீதியில் வெள்ளம் குறுக்கே பாய்ந்துகொண்டிருந்தது. மத்ரஸாவிலிருந்து வீடு திரும்பிய மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரத்தைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போனது. பிள்ளைகள் இறந்தார்கள். அந்த வாரம் தமிழ் ஊர், முஸ்லிம் ஊர் என்றில்லாமல் எல்லாரும் அழுதோம். முகநூல் முழுவதும் அனுதாபம். அதற்குப் பிறகு என்ன கேட்டோம்? வீதியில் இவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் வந்தால் மூட வேண்டும் என்று முடிவெடுப்பது யார்? அந்த முடிவு பாடசாலைக்கும் மத்ரஸாவுக்கும் விடுதிக்கும் எத்தனை மணிக்குள் போய்ச் சேர வேண்டும்? பிள்ளைகளை விடுதியிலேயே வைத்துக்கொள்வதா, வீட்டுக்கு அனுப்புவதா என்பதை அதிபர் தனியாகத் தீர்மானிக்க வேண்டுமா? கிழக்கில் வெள்ளம் எங்கிருந்தோ திடீரென்று வரும் விருந்தாளி இல்லை, வருடா வருடம் கார்த்திகை மார்கழியில் வருகிறது. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைப் பக்கம் எத்தனை வீதிகள் அப்படி மூழ்கும் என்று எல்லாருக்கும் தெரியும். இந்தக் கேள்விகளை எழுத்தில் கேட்டு, பதில் வரும் வரை பின்னால் போய், அடுத்த மழைக்கு முன் என்ன மாறியது என்று பார்ப்பதுதான் நான் சொல்லும் வேலை. அதைச் செய்ய ஒருவருக்குச் சம்பளம் வேண்டும், பஸ் காசு வேண்டும், தட்டச்சுச் செய்ய ஒரு கணினி வேண்டும். படத்தில் போட்டுக் காட்ட ஒன்றும் இருக்காது.

வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகிற தாய்மாரின் விடயத்தைப் பாருங்கள். ஏறாவூர், ஓட்டமாவடி, கிரான், வாகரை, தெற்கே திருக்கோவில், பொத்துவில் என்று எந்த ஊரில் கேட்டாலும் சவூதிக்கோ குவைத்துக்கோ வீட்டு வேலைக்குப் போன தாய் ஒருவரைக் காட்டுவார்கள். 2013இல் அரசாங்கம் குடும்பப் பின்னணி அறிக்கை என்ற நடைமுறையைக் கொண்டுவந்தது. 5 வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய் போக முடியாது. அதற்கு மேற்பட்ட வயது என்றால் பிள்ளையை யார் பொறுப்பெடுப்பார் என்பதைப் பிரதேச செயலகம் ஊடாக உறுதிப்படுத்த வேண்டும். கேட்க நல்லதாகத்தான் இருந்தது. ஆனால் போகாமல் நிற்கிற தாய்க்கு இங்கே என்ன வருமானம் என்று அந்தச் சுற்றுநிருபத்தில் ஒரு வரி இல்லை. பிள்ளையைப் பகலில் விட்டுவிட்டு ஊரிலேயே வேலைக்குப் போக ஒரு பராமரிப்பு நிலையம் உண்டா என்று யாரும் கேட்கவில்லை. தகப்பன் வெளிநாடு போவதற்கு அப்படியொரு அறிக்கை கேட்கப்படவும் இல்லை. கடன் கழுத்தை நெரித்தபோது சிலர் பிள்ளையின் வயதை மறைத்தார்கள், சிலர் சுற்றுலா விசாவில் போனார்கள். அப்படிப் போனவர்களுக்குப் பதிவும் இல்லை, காப்புறுதியும் இல்லை. அங்கே அடி வாங்கினாலும் யாரிடம் போய்ச் சொல்வது?

பிறகு 2022 வந்தது. நாட்டில் டொலர் இல்லை, எரிபொருள் இல்லை. அப்போது அந்த 5 வயது 2 வயதாகக் குறைக்கப்பட்டது. தாயைப் பிரிந்திருப்பது 2013இல் நான்கு வயதுப் பிள்ளைக்கு ஆபத்து, 2022இல் இரண்டரை வயதுப் பிள்ளைக்குப் பரவாயில்லை என்றால், இடையில் மாறியது என்ன? பிள்ளைகளின் உடம்பும் மனசும் அப்படியேதான் இருந்தன. மாறியது திறைசேரியின் நிலைமை. தடை சரி, தளர்த்தியது பிழை என்று நான் வாதாட வரவில்லை. இரண்டு தடவையும் பிள்ளைகளின் வாழ்க்கையைப் பற்றித்தான் முடிவெடுத்தார்கள், இரண்டு தடவையும் அம்மம்மாவோடு விடப்பட்ட ஒரு பிள்ளையிடமோ, பேரப்பிள்ளைகளை வளர்க்கிற அந்த அம்மம்மாவிடமோ கேட்கவில்லை. தாய் போன பிறகு அந்த வீட்டுக்கு மாதம் ஒரு தடவையாவது ஓர் உத்தியோகத்தர் போக வேண்டும், அவருக்குப் போக்குவரத்துக் கொடுப்பனவு வேண்டும், பிள்ளை பாடசாலைக்கு வராவிட்டால் வகுப்பாசிரியர் யாருக்கு அறிவிப்பது என்று ஒரு ஒழுங்கு வேண்டும். எங்கள் மாவட்டங்களிலிருந்து இதை எடுத்துச் சொல்லக்கூடியவர்கள் இருந்தார்கள். ஆனால் அவர்களுடைய நிறுவனங்களுக்கு அந்த நேரம் உலர் உணவுப் பொதி பிரித்துக் கொடுக்கத்தான் நிதி இருந்தது.

சிறுவர் இல்லங்களின் கதையும் இதோடு ஒட்டியதுதான். அங்கே இருக்கிற பிள்ளைகளில் மிகப் பலருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். வறுமையாலும் தாய் வெளிநாடு போனதாலும் குடும்பம் உடைந்ததாலும் அங்கே வந்தவர்கள். ஒரு பிள்ளையை இல்லத்தில் வைத்துப் பார்க்க நன்கொடை கிடைக்கும். அதே பிள்ளையை வீட்டில் வைத்திருக்கச் சித்திக்கு அந்தத் தொகையில் பாதியைக் கொடுங்கள் என்றால் தயங்குகிறார்கள். 2025 வரவு செலவுத் திட்டத்தில் ஆதரவற்ற பிள்ளைகளுக்கு மாதம் 5,000 ரூபாய் கொடுப்பனவு அறிவிக்கப்பட்டது. நல்ல முடிவு. அது எங்கள் ஒவ்வொரு பிரதேச செயலகப் பிரிவிலும் யாருக்குக் கிடைத்தது, உறவினர் வீட்டில் வளரும் பிள்ளை அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்க ஆள் வேண்டும்.

முன்பள்ளிகளைப் பற்றித்தான் எனக்குக் கூடுதல் ஆதங்கம். முன்பள்ளிகளை மேற்பார்வை செய்வது மாகாண சபையின் பொறுப்பு. நன்னடத்தைச் சேவையும் (probation) சிறுவர் பராமரிப்புச் சேவையும் அப்படியே. இலங்கை அரசியலமைப்பின் 1987ஆம் ஆண்டு 13ஆம் திருத்தம் அவற்றை மாகாணத்துக்குக் கொடுத்தது. கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டம்பர் 30இல் முடிந்தது. அதற்குப் பிறகு தேர்தல் நடக்கவில்லை. ஆளுநர் நடத்துகிறார், அதிகாரிகள் நடத்துகிறார்கள். 2017இல் பிறந்த பிள்ளை தவழ்ந்து, நடந்து, முன்பள்ளிக்குப் போய், முடித்து, பெரிய பள்ளிக்கூடத்துக்கும் போய்விட்டது. அந்தப் பிள்ளையின் முன்பள்ளிக் காலம் முழுவதும் அதைப் பற்றிச் சபையில் எழுந்து கேட்கத் தெரிவான ஒரு உறுப்பினர் கூட இருக்கவில்லை. அதிகாரப் பகிர்வைப் பற்றி மேடை மேடையாகப் பேசுகிறோம். அந்த அதிகாரத்துக்குள் மூன்று நான்கு வயதுப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதை எந்த மேடையிலும் நான் கேட்டதில்லை.

முன்பள்ளி ஆசிரியைகளை மரியாதையாக டீச்சர் என்று கூப்பிடுகிறோம். அவர்கள் மாதம் கையில் எடுப்பதைச் சொன்னால் கேட்பவர் நம்ப மாட்டார். 2025 வரவு செலவுத் திட்டம் அவர்களுடைய கொடுப்பனவை 1,000 ரூபாய் கூட்டியது. முன்பள்ளிப் பிள்ளையின் காலை உணவுக்கு 60 ரூபாயாக இருந்ததை 100 ஆக்கியது. இதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். 60 ரூபாயில் ஒரு முட்டையும் சோறும் கீரையும் எப்படி வரும் என்று கணக்குப் போட்டுக் காட்டிக்கொண்டே இருந்தவர்கள் நாடு முழுவதும் இருந்தார்கள். அந்த ஒரு எண் மாறியதால் பயன்பெறும் பிள்ளைகளின் தொகையை எந்தத் தொண்டு நிறுவனமும் தன் கையால் தொட முடியாது. ஆனால் அந்த உணவு எல்லா முன்பள்ளிகளுக்கும் இல்லை, தெரிவு செய்யப்பட்டவற்றுக்குத்தான். எங்கள் பகுதியில் எது தெரிவானது, எது விடுபட்டது, ஏன் என்று கேட்க வேண்டியது இனி எங்கள் வேலை.

சட்டங்களும் தானாக ஒன்றோடொன்று பொருந்திவிடுவதில்லை. 2016இல் கட்டாயக் கல்வி வயது 16 ஆனது. வேலைக்குச் சேர்க்கக்கூடிய ஆகக் குறைந்த வயது 14இலேயே நின்றது. 2021இல்தான் அதையும் 16 ஆக்கினார்கள். இடைப்பட்ட காலத்தில் அரிசி ஆலையிலோ கடையிலோ நின்ற 15 வயதுப் பையனைப் பார்த்து, பாடசாலையில் இருக்க வேண்டியவன் என்று ஒரு சட்டம் சொன்னது, வேலை செய்யலாம் என்று இன்னொன்று சொன்னது.

பிள்ளைகளுக்காக எழுந்து பேசுவது எங்கள் மண்ணுக்குப் புதிதும் இல்லை. 2004இல் புலிகளின் கிழக்குத் தளபதியாக இருந்த கருணாவின் அணி அவர்களிடமிருந்து பிரிந்தபோது நூற்றுக்கணக்கான பிள்ளைகள் வீடு திரும்பினார்கள். அந்தப் பிள்ளைகளை மறுபடி கூட்டிப்போகப் புலிகள் வந்தபோது தடுத்து நின்றது தாய்மார்தான். 2006இல் கருணா அணி பிள்ளைகளைக் கடத்தியபோதும் அவர்கள்தான் முகாம் வாசலிலும் பொலிஸிலும் செஞ்சிலுவைச் சங்கத்திலும் யுனிசெப்பிலும் மனித உரிமைகள் ஆணைக்குழுவிலும் போய் நின்றார்கள். பெயர், வயது, கொண்டுபோன தேதி என்று ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். அந்த வருடம் நவம்பரில் ஆயுத மோதலில் சிக்கிய சிறுவர்களுக்கான ஐ.நா. பிரதிநிதி ராதிகா குமாரசுவாமியின் ஆலோசகராக அலன் ரொக் இங்கே வந்து ஐ.நா.வுக்கு அறிக்கை கொடுத்தார். 2008 டிசம்பரில் கருணா அணியின் கட்சியான ரி.எம்.வி.பி.யும் அரசாங்கமும் யுனிசெப்பும் பிள்ளைகளை விடுவிப்பதற்கான செயற்திட்டத்தில் கையெழுத்திட்டன. திரும்பி வராத பிள்ளைகளும் உண்டு, அந்தத் தாய்மார் இன்னமும் எங்கள் நடுவில் இருக்கிறார்கள். உயிருக்கே உத்தரவாதம் இல்லாத நேரத்தில் எழுத்தறிவு குறைந்த தாய்மார் செய்த வேலை அது. "பேசி என்ன ஆகப்போகுது" என்று மட்டக்களப்பில் இருந்துகொண்டு யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருவது அதனால்தான்.

நிறுவனங்கள் பக்கமும் சொல்ல வேண்டியது உண்டு. கொள்கைக்காகக் குரல் கொடுக்கிறோம் என்று ஹோட்டலில் ஒரு நாள் பயிற்சி, பெனரோடு ஒரு குழுப்படம், ஆங்கிலத்தில் ஒரு அறிக்கை, அதோடு முடித்துக்கொள்கிற பழக்கம் இருக்கிறது. அந்த அறிக்கையைப் படுவான்கரை முன்பள்ளி டீச்சர் ஒருநாளும் கண்ணால் பார்ப்பதில்லை. பன்னிரண்டு மாதத் திட்டம் என்றால் பன்னிரண்டாவது மாதத்தோடு அக்கறையும் முடிந்துவிடுகிறது. ஒரு சுற்றுநிருபத்தை மாற்ற ஐந்து வருடம் பிடிக்கும், அதற்குள் மூன்று திட்ட அலுவலர் மாறிவிடுவார்கள். இதற்கு நன்கொடையாளரும் பொறுப்பு. அப்புறம், பயமும் உண்டு. பொருள் கொடுத்தால் எல்லாரும் சிரித்த முகத்தோடு வந்து நிற்பார்கள். கேள்வி கேட்டால், யாருடைய காசு என்று விசாரிக்க ஆள் வரும். வடக்கு கிழக்கில் வேலை செய்த எவருக்கும் இதை விளக்கத் தேவையில்லை.

இன்னொரு சங்கடம், தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் தனித்தனியாகக் கேட்பது. ஒரு ஊருக்கு முன்பள்ளிக் கட்டடம் வந்தால் பக்கத்து ஊர் கணக்குப் பார்க்கிறது. யுத்தம் நடந்துகொண்டிருந்த 1996இலேயே மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவில் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் ஒன்றாக வந்து விளையாடினார்கள். இப்போது யுத்தமும் இல்லை, வீதியும் திறந்திருக்கிறது. முஸ்லிம்களும் தமிழரும் அடுத்தடுத்து வாழும் காத்தான்குடியும் ஆரையம்பதியும், கல்முனையும் பாண்டிருப்பும் ஒரே கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக் காலை உணவைக் கேட்டால் எந்த அதிகாரியாலும் அதை ஒதுக்கி வைக்க முடியாது.

செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. 2016இன் தகவல் அறியும் உரிமைச் சட்டம் எங்கள் கையில் இருக்கிறது. விண்ணப்பம் கொடுத்தால் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று தகவல் அலுவலர் முடிவு சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் மேன்முறையீடு செய்யலாம், தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு வரை போகலாம். மாவட்ட, பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டங்கள் நடக்கின்றன. அதில் வீதியும் மணலும் காணியும் பேசப்படுகிற அளவுக்குப் பிள்ளைகளின் விடயம் பேசப்படுவதில்லை. 2025 மே மாதம் தெரிவான பிரதேச சபை உறுப்பினர்கள் ஊருக்குள்ளேயே இருக்கிறார்கள், வாக்குக் கேட்டு வந்த அதே வீட்டு வாசலில் வைத்துக் கேட்கலாம்.

உதவ நினைக்கிற உறவுகளிடம் என் வேண்டுகோள் இது. பைகளை நிறுத்த வேண்டாம். அனுப்புகிற காசில் ஒரு பகுதியை, உங்கள் ஊரில் நம்பிக்கையான ஒரு நிறுவனத்துக்கு, ஒருவரின் சம்பளமாக மூன்று வருடத்துக்குக் கொடுங்கள். எத்தனை பேருக்குக் கொடுத்தீர்கள் என்று அவரிடம் கேட்காதீர்கள். எந்தக் கூட்டத்துக்குப் போனார், என்ன எழுதிக் கொடுத்தார், என்ன பதில் வந்தது என்று கேளுங்கள்.

முன்பள்ளிக் காலை உணவுக்குத் தெரிவான பட்டியலைக் கேட்டு, தமிழில் ஒரு தகவல் விண்ணப்பம் எழுதி வைத்திருக்கிறேன். பிரதேசத்தின் பெயரை மட்டும் மாற்றினால் போதும். வேண்டியவர்கள் இன்பாக்ஸில் கேளுங்கள், அனுப்புகிறேன். பதில் வந்தால் அதையும் எனக்குக் காட்டுங்கள், எல்லாப் பிரதேசத்தினுடையதையும் சேர்த்து ஒரே கோப்பாக ஆளுநர் அலுவலகத்துக்குக் கொடுக்கலாம்.