சீட்டை இறக்கினால் வண்டி கெட்டுப்போய்விடாது

ஞாயிற்றுக்கிழமை காலை நம் மோட்டார் சைக்கிள் குழு கல்லணையில் கூடியபோது நடந்ததை நேரில் பார்த்தவர்களும் பிறகு கேள்விப்பட்டவர்களும் இங்கே நிறையப் பேர் இருப்பதால், முழுவதையும் மறுபடி விவரிக்கப் போவதில்லை. "ஏம்மா, இவ்வளவு நல்ல வண்டியை இப்படி இறக்கிக் கெடுத்து வச்சிருக்கியே, கால் எட்டலைன்னா ஒரு ஸ்கூட்டர் வாங்கியிருக்கலாமே" என்று அந்த மூத்த அண்ணன் இருபது பேர் நடுவில் கேட்டதும், சுற்றி நின்றவர்கள் சிரித்ததும், நான் ஒன்றும் பேசாமல் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பியதும் உண்மை. நான்கு நாளாக அந்தப் பேச்சு நெஞ்சை விட்டு இறங்கவில்லை. அன்று சொல்லாத பதிலை இன்று எழுதுகிறேன்.

என் உயரம் 154 சென்டிமீட்டர். நான் ஓட்டுவது ராயல் என்ஃபீல்டின் பழைய 411 சிசி ஹிமாலயன் மோட்டார் சைக்கிள். அதன் சீட் தரையிலிருந்து 800 மில்லிமீட்டர் உயரம், எடை ஏறக்குறைய 200 கிலோ. வாங்கியபோது இரண்டு கட்டைவிரல் நுனிகள் மட்டும் தரையைத் தொட்டன. இப்போது முன்பாதங்கள் இரண்டும் தரையில் ஊன்றி நிற்கின்றன. நான் செய்துகொண்ட மாற்றம் இவ்வளவுதான்.

ஓடும் வண்டியில் உயரம் ஒரு பொருட்டே இல்லை. எண்பது கிலோமீட்டர் வேகத்தில் போகிறவருக்குக் கால் எட்டுகிறதா என்று சாலை கேட்பதில்லை. நிற்கும்போதுதான் கேட்கிறது. கால் எட்டாதவர் ஒரு பக்கம் காலை ஊன்ற வேண்டுமென்றால் வண்டி முதலில் அந்தப் பக்கம் சாய்ந்தாக வேண்டும். அப்படிச் சாயத் தொடங்கிய வண்டியின் எடை அந்த ஒற்றைக் காலின் மேல் வந்து இறங்குகிறது. ஓர் அளவுக்கு மேல் சாய்ந்த 200 கிலோவை ஆறடி ஆளாலும் தாங்க முடியாது. ஆறடி ஆளுக்கு அந்த அளவு வரை சாயாமலே கால் எட்டிவிடுகிறது, எனக்கு எட்டுவதில்லை. வித்தியாசம் இது ஒன்றுதான். வீரத்திலோ பயிற்சியிலோ இல்லை.

"சீட்டில் ஒரு பக்கமாக நகர்ந்து ஒற்றைக் காலை ஊன்று, பழகினால் வந்துவிடும்" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அது நல்ல முறைதான், இரண்டு வருடம் நான் அப்படித்தான் ஓட்டினேன். ஆனால் அது சமதளத்துக்கான முறை. நம் ஊர்ச் சாலைகளை நினைத்துப் பாருங்கள். பாதிக் கிராமச் சாலைகள் ஆற்றங்கரையிலும் வாய்க்கால் கரையிலும் போகின்றன. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வயல், நடுவில் ஒரு பேருந்து போகிற அகலத்தில் தார். தார் மேல் தார் போட்டு உயர்ந்துபோன சாலையின் விளிம்பிலிருந்து மண் ஒரு சாண் கீழே கிடக்கிறது. எதிரே அறுவடை இயந்திரம் வந்தால் அந்த விளிம்பில்தான் ஒதுங்கி நிற்க வேண்டும்.

எனக்கு நடந்ததும் அங்கேதான். தை மாதக் கடைசி, அரசலாற்றங்கரை, சம்பா அறுவடை. சாலையின் ஒரு பாதியில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. அறுவடை இயந்திரத்துக்கு வழிவிட இடது பக்கம் ஒதுங்கி, பூட்ஸ் நுனியால் தரையைத் தேடினேன். தரைக்குப் பதிலாகக் காலுக்குக் கிடைத்தது வைக்கோல். அது வழுக்கியது, வண்டி இரண்டு பக்கப் பெட்டிகளோடும் என் கணுக்கால் மேல் படுத்தது. கிளட்ச் லீவர் முறிந்து, எஞ்சின் ஓரிரு முறை உறுமி அணைந்தது. நெல்லைக் கிளறிக்கொண்டிருந்த மூன்று அக்காமார் ஓடி வந்து வண்டியைத் தூக்கினார்கள். அவர்களில் ஒருவர் என் பூட்ஸைக் கழற்றி, முந்தானையால் காலைத் துடைத்துவிட்டு, "இவ்வளவு ஒசரத்துல ஏன் கண்ணு உக்காந்திருக்க, கொஞ்சம் எறக்கச் சொல்லக் கூடாதா?" என்று கேட்டார். அவர் வாழ்நாளில் மோட்டார் சைக்கிள் ஓட்டியிருக்க மாட்டார். கல்லணையில் இருபது பேருக்குத் தோன்றாதது அவருக்குத் தோன்றியது.

இறக்கினால் வண்டி கெடும் என்கிறார்களே, தப்பாக இறக்கினால் கெடும். அதை நானே பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முதலில் போன பட்டறையில் பின் ஷாக் அப்சார்பரைப் பின்சக்கரப் பகுதியோடு இணைக்கும் லிங்க் என்ற தகட்டை மட்டும் மாற்றி அனுப்பிவிட்டார்கள். அந்தத் தகட்டில் சில மில்லிமீட்டர் மாறினாலே சீட்டில் அது பல மடங்காகத் தெரியும். பின்பக்கம் தாழ்ந்ததால் முன்பக்கம் தூக்கிக்கொண்டது, ஹேண்டில் திரும்ப மந்தமானது, ஹெட்லைட் வானத்தைப் பார்த்தது. இரவில் மயிலாடுதுறை சாலையில் எதிரே வந்த ஒவ்வொரு பேருந்தும் எனக்கு விளக்கை அடித்துக் காட்டிவிட்டுப் போனது. சைடு ஸ்டாண்டையும் அவர்கள் குறைக்கவில்லை. தாழ்ந்த வண்டிக்குப் பழைய ஸ்டாண்ட் நீளம் அதிகம், வண்டி சாயாமல் நெட்டுக்குத்தாக நிற்கும். மறுநாளே டீக்கடை வாசலில் அது தானாக வலப்பக்கம் விழுந்தது.

பிறகு தஞ்சாவூரில் வேறு ஒரு மெக்கானிக் பொறுமையாக எல்லாவற்றையும் திருத்தினார். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் குழாய்களை அவற்றின் பிடிப்பில் மேலே ஏற்றி முன்பக்கத்தையும் அதே அளவுக்குத் தாழ்த்தினார். ஃபோர்க் முழுவதும் அமுங்கும்போது எதுவும் எதிலும் இடிக்கவில்லை என்று அமுக்கிப் பார்த்தார். லேத் பட்டறையில் ஸ்டாண்டை வெட்டிப் பற்றவைத்தார். ஹெட்லைட்டைச் சரியாகக் கீழே இறக்கினார். சீட்டின் முன்பகுதியில் ஃபோமைச் செதுக்கி ஒடுக்கினார், ஏனென்றால் சீட் அகலமாக இருந்தால் தொடை விரிந்து கால் நீளமே குறைந்துபோகிறது. மொத்தம் 30 மில்லிமீட்டர் இறங்கியது. இதில் எந்த இடத்தில் வண்டி கெட்டது என்று அந்த அண்ணன் எனக்குக் காட்ட வேண்டும்.

தரை இடைவெளி குறையும் என்பீர்கள். குறைந்திருக்கிறது, 220 மில்லிமீட்டராக இருந்தது 190-ஐ ஒட்டி வந்துவிட்டது. வேகத்தடை 100 மில்லிமீட்டர் உயரம் இருக்க வேண்டும் என்பது சாலைகளுக்கான தர அளவுகளை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பின் அளவு. நம் கிராமங்களில் அந்த அளவை யாரும் பார்ப்பதில்லை என்பதும், மன்னார்குடிக்குப் போகும் வழியில் ஒரு மேட்டில் அடிப்பகுதி உரசியது என்பதும் உண்மைதான். மெதுவாகப் போகிறேன். அதற்காக நான் கணுக்காலை உடைத்துக்கொள்ள முடியாது.

சட்டம் பேசினவர்களுக்கும் சொல்கிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. என் பதிவுச் சான்றிதழில் சீட் உயரம் என்று ஒரு கட்டமே இல்லை.

"கம்பெனிக்காரனுக்குத் தெரியாததா உனக்குத் தெரிந்துவிட்டது?" அதே கம்பெனி 2023-இல் கொண்டுவந்த புதிய ஹிமாலயன் 450-இல் சீட்டை 825, 845 என்று இரண்டு உயரங்களில் வைக்கலாம், அதைவிடத் தாழ்ந்த சீட்டும் தனியாகக் கிடைக்கிறது. உடம்புகள் பலவிதம் என்பதை வண்டி செய்கிறவர்கள் ஒப்புக்கொண்டாயிற்று. ஓட்டுகிறவர்கள்தான் ஒப்புக்கொள்ளாமல் நிற்கிறார்கள்.

பதினொன்றாம் வகுப்பில் எங்கள் பள்ளியில் அரசு சைக்கிள் கொடுத்தார்கள். அப்பா அதை உருட்டிக்கொண்டு போய்க் கடைத்தெரு சைக்கிள் கடையில் நிறுத்தி, "பிள்ளைக்குக் கால் எட்டலை, சீட்டை இறக்கு" என்றார். கடைக்காரர் ஸ்பேனரை எடுத்து இறக்கிக் கொடுத்தார், ஐந்து ரூபாய் கொடுத்தபோது வேண்டாம் என்றார். சைக்கிளைக் கெடுத்துவிட்டாய் என்று அந்தத் தெருவில் ஒருவரும் சொல்லவில்லை. மோட்டார் சைக்கிளுக்கு வந்ததும் அதே வேலை எப்படிக் குற்றமாகிறது? ஸ்கூட்டர் ஓட்டுவது கேவலம் என்று நான் நினைக்கவில்லை, என் அம்மா இருபது வருடம் மொபெட்டில்தான் வேலைக்குப் போனார். ஆனால் நான் எந்த வண்டியில் எவ்வளவு தூரம் போக வேண்டும் என்பதை என் கால் நீளத்தை வைத்து இன்னொருவர் முடிவு செய்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

உண்மையில் எனக்காக மட்டும் இவ்வளவு வலித்திருக்காது. அன்று என் பின்னால் ஒரு தங்கை நின்றிருந்தாள். கல்லூரி முடித்து, ஒரு வருடமாகப் பணம் சேர்த்து, இதே வண்டியை வாங்க நினைத்திருந்தவள். லிங்க் எங்கே கிடைக்கும், எவ்வளவு ஆகும் என்று காலையில்தான் என்னிடம் கேட்டுக் குறித்துக்கொண்டாள். அந்தச் சிரிப்புக்குப் பிறகு அவள் என் பக்கமே வரவில்லை. நேற்று இரவு, "அக்கா, வேண்டாம்னு விட்டுட்டேன்" என்று ஒரே வரி அனுப்பியிருந்தாள். அண்ணா, உங்கள் முப்பது வருட அனுபவத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் இந்த ஒரு வரிக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

அடுத்த ஞாயிறு வேதாரண்யம் வழியாகக் கோடிக்கரை. நான் வருகிறேன், வண்டி இதே உயரத்தில்தான் வரும். தாழ்த்தியதிலிருந்து சென்டர் ஸ்டாண்ட் போடுவது மட்டும் கடினமாகிவிட்டது, யாராவது ஒரு கை கொடுக்க வேண்டியிருக்கும். அதைக் கேட்க எனக்கு வெட்கமில்லை. அந்தத் தங்கையையும் என் பின்சீட்டில் கூட்டி வரப் பார்க்கிறேன்.