எல்லாம் ஒன்றுதான் அண்ணே

"எல்லாம் ஒன்றுதான் அண்ணே." இதைக் கேட்டு மூன்று நாளாகிறது, இன்னும் வயிறு எரிகிறது.

கண்டியில் ஒரு கடையில் இரண்டு டிஸ்க் போடும் நாஸ் பெட்டியும் (வீட்டு நெட்வொர்க்கில் மாட்டி ஃபைல்களைச் சேமித்து வைக்கும் பெட்டி), 4 டிபி ஹார்ட் டிஸ்க் இரண்டும் வாங்கினேன். வெறும் பெட்டிக்கு ஒரு விலை, டிஸ்க்குக்குத் தனி விலை. எட்டு மாதம் சேர்த்த காசு. அதனால்தான் முன்கூட்டியே படித்து, துண்டில் எழுதிக்கொண்டு போனேன்: எஸ்எம்ஆர் டிஸ்க் வேண்டாம், சிஎம்ஆர்தான் வேண்டும். இரண்டும் டிஸ்க்குக்குள் எழுதுகிற இரண்டு விதம். தமிழில் கேட்டேன், சிங்களத்தில் கேட்டேன், துண்டையும் நீட்டினேன். கடைத் தம்பி துண்டைப் பார்க்கவே இல்லை. டிஸ்க் பெட்டியைத் திருப்பி, 4 டிபி என்று அச்சடித்த இடத்தில் நகத்தால் தட்டினார்.

"4 டிபி தானே கேட்டீங்க? 4 டிபி இருக்குத்தானே?"

"இருக்கு தம்பி, ஆனா உள்ளே எழுதுற விதம் வேற..."

"எல்லாம் ஒன்றுதான் அண்ணே."

மறுபடி கேட்டேன். மறுபடி நகத்தால் தட்டினார். மூன்றாம் தடவையும் அதே தட்டு. நான்காம் தடவை உள்ளேயிருந்த முதலாளியைக் கூப்பிட்டார். முதலாளி ஆறுதலாக வந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, அதே இடத்தைப் பார்த்து, "4 டிபி" என்று வாசித்துவிட்டுத் திரும்பப் போய் உட்கார்ந்துகொண்டார். எனக்குப் பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள், ஹட்டன் பஸ்ஸுக்கு நேரமாகிறது. அதற்குள் பில் போட்டுவிட்டார்கள்.

ஒன்றா? தேயிலைத் தோட்ட லயத்துத் தகரக் கூரையைப் பார்த்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்த ஒரு நிமிடம் போதும். ஒரு தகரத்தின் விளிம்பில் அடுத்த தகரம் ஏறிக் கிடக்கும். நடுவில் ஒன்று ஓட்டையானால் அதை மட்டும் உருவ முடியாது. மேலே ஏறிக் கிடப்பதையும் கழற்றி, திரும்ப அடிக்க வேண்டும். எஸ்எம்ஆர் டிஸ்க் அப்படித்தான் தடத்தின் மேல் தடம் ஏற்றி எழுதுகிறது. அதே தட்டில் அதிகம் கொள்ளும், ஆனால் ஒன்றைத் திருத்தப்போனால் பக்கத்துத் தடங்களையும் சேர்த்துத் திரும்ப எழுதவேண்டும். சிஎம்ஆரில் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாது, இந்தத் தொல்லை இல்லை. யூஎஸ்பியில் செருகி எப்போதாவது பாவிக்க அது போதும். நாஸில் இரண்டு டிஸ்க்கிலும் ஒரே பிரதியை வைத்திருக்கும்போது ஒரு டிஸ்க் செத்து, புதியதைப் போட்டு, மிச்சமிருப்பதிலிருந்து முழுவதையும் எழுதும் நாளில்தான் கழுத்தை அறுக்கும். இழுத்தடிக்கும். சில நாஸ் மென்பொருள்கள் அந்தத் தாமதத்தைப் பார்த்து, புது டிஸ்க்கையே பழுது என்று ஒதுக்கிவிடும். வெஸ்டர்ன் டிஜிட்டல் கம்பெனி நாஸுக்கென்றே ரெட் என்ற பெயரில் விற்ற டிஸ்க்குகள் சிலவற்றில் சொல்லாமல் இந்த முறையைப் புகுத்தியிருந்தது 2020இல் வெளியே வந்து பெரிய சண்டையானது. அதன்பிறகுதான் சிஎம்ஆர் டிஸ்க்குகளை ரெட் பிளஸ் என்று தனியாகப் பிரித்தார்கள். இவ்வளவும் நடந்த பிறகு கவுண்டரில் நின்று ஒன்றுதான் என்கிறார்கள்!

வீட்டில் போட்டதும் முதலில் செக்கனுக்கு 110 எம்பி வேகத்தில் எழுதியது. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் 15. டிஸ்க்கைக் கழற்றி லேபலில் இருந்த மாடல் இலக்கத்தைத் தேடினேன். எஸ்எம்ஆர். இரண்டுமே. கடைக்குப் போன் எடுத்தேன். "சீல் உடைச்ச சாமானைத் திரும்ப எடுக்க மாட்டோம் அண்ணே." உடைக்காமல் எப்படிப் போடுவது?

நான் ஒன்றும் படம் பார்க்க இதை வாங்கவில்லை. தாத்தாவின் பிரஜாவுரிமைப் பத்திரம் இருக்கிறது. 1948ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டத் தமிழரிடமிருந்து பறித்த பிரஜாவுரிமையைத் திரும்பப் பெற அவர் அலைந்த அலைச்சலுக்கு மிஞ்சிய ஒரே தாள். மடிப்பு நான்காகக் கிழிந்து, எங்கள் ஊர் ஈரத்தில் ஓரமெல்லாம் பூஞ்சணம் பிடித்துவிட்டது. அம்மா கொழுந்து எடுத்த காலத்துச் சம்பளத் துண்டுகள், ஆச்சியின் ஒரே போட்டோ, எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக ஸ்கேன் பண்ணினேன். 2014 ஒக்டோபர் 29 காலையில் பதுளை மாவட்டத்து மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியதே, ஆட்களோடு சேர்த்து அந்த வீடுகளின் பத்திரமும் படமும் மண்ணுக்குள்தானே போயிருக்கும்? அந்த நினைப்பு எனக்குப் போகவே இல்லை.

"ரெண்டு டிஸ்க் இருக்கு, ஒன்று போனா மற்றது, பிறகென்ன பயம்" என்பதும் அதே கடையில் சொன்னதுதான். ஒன்றில் தவறுதலாக அழித்தால் மற்றதிலும் அந்த நிமிடமே அழியும். மழைக்கால இடி விழுந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் கருகும். மூன்றாவது பிரதியை வத்தளையில் தங்கச்சி வீட்டில் வைக்கப் போகிறேன். அதை நானேதான் யோசித்தேன், விற்றவர்கள் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பழைய கம்ப்யூட்டரையே நாஸாக்கும் ஓப்பன் மீடியா வால்ட்டைப் போட்டால் மென்பொருள் இலவசம்தானே என்று மச்சான் கேட்கிறார். சரி, மென்பொருள் இலவசம். கரண்ட் யார் தருவது? 50 வாட் இழுக்கும் பெட்டி இரவு பகலாக ஓடினால் மாதம் 36 யூனிட். எங்கள் பில்லை அடுத்த படிக்குத் தள்ள அது போதும். சிறிய நாஸ் அதில் பாதிகூட இழுக்காது. ஆனால் அங்கேயும் ஒரு கூத்து: நாஸ் செய்யும் சினாலஜி கம்பெனி 2025இல் தன் புதிய பிளஸ் வரிசைப் பெட்டிகளுக்கு வேறு கம்பெனி டிஸ்க்கைக் கட்டுப்படுத்தியது. ஆட்கள் கொதித்த பிறகு ஒக்டோபரில் தளர்த்தினார்கள். காசு கொடுத்து வாங்கிய பெட்டிக்குள் எதைப் போடுவது என்று முடிவெடுக்க இவர்கள் யார்?

நாளைக்கு டிஸ்க் இரண்டையும் தூக்கிக்கொண்டு திரும்பவும் கண்டிக்குப் போகிறேன். பில் இருக்கிறது, துண்டும் இருக்கிறது. முதலாளி நெற்றியில் இருக்கும் கண்ணாடியை இறக்கி அந்தத் துண்டை வாசிக்கும்வரை கவுண்டரை விட்டு நகரமாட்டேன்.

அப்புறம் அந்த பஸ் கொண்டக்டர்! கினிகத்தேனை வளைவெல்லாம் பெட்டியை மடியில் அணைத்துக்கொண்டு வந்தேன். மிச்சக் காசை இறங்கும்போது தருவதாகச் சொல்லி டிக்கெட்டின் பின்னால் பேனாவால் 40 என்று எழுதிக் கொடுத்தார். ஹட்டனில் நான் பெட்டியோடு இறங்கித் திரும்புவதற்குள் பஸ் போய்விட்டது. டிக்கெட் இன்னும் என் சட்டைப் பையில் இருக்கிறது.