அதைக் கட்டியவர்கள் கொத்தனார்கள்

காஸ்டெல் டெல் மான்டே என்ற பழைய எண்கோணக் கோட்டையைப் பற்றிய வீடியோவுக்குக் கீழே நடந்த சண்டையைப் பலரும் பார்த்திருப்பீர்கள். "அது சக்தி மையம்", "வேற்றுக்கிரகத்துக்காரர் கட்டியது", "மனிதர் வாழக் கட்டியதல்ல", "அந்தக் காலத்துக் கொத்தனுக்கு இவ்வளவு கணக்கு தெரியுமா" என்றவர்களுக்கு மரியாதையாகத்தான் பதில் எழுதினேன். கிடைத்தது ஏச்சு.

மறுபடியும் சொல்கிறேன். அதைக் கட்டியவர்கள் மனிதர்கள். தென் இத்தாலியின் புலியாவில், புனித ரோமானியப் பேரரசர் இரண்டாம் பிரெடெரிக் கட்டச் சொன்னது. 1240 ஜனவரியில் தன் அதிகாரிக்கு அவர் அனுப்பிய கடிதத்தில் கேட்பது சுண்ணாம்பும் கல்லும்தான்.

எண்கோண முற்றம், எட்டு மூலையிலும் எண்கோணக் கோபுரம், தளத்துக்கு எட்டு அறை. சரி, கோபுரங்களுக்குள் என்ன இருக்கிறது? சுழல் படிக்கட்டு, கழிப்பறை, மழைநீர்த் தொட்டி. மனிதர் வாழாத இடத்துக்குக் கழிப்பறை எதற்கு?

"அப்போ எட்டுக்கு அர்த்தமே இல்லையா?" என்பீர்கள். இருக்கிறது, நான் மறுக்கவே இல்லையே! கிறிஸ்தவத்தில் எட்டு உயிர்த்தெழுதலின் எண். 1215இல் பிரெடெரிக் முடிசூடிய, ஜெர்மனியின் ஆஹன் தேவாலயத்தின் நடுக்கூடம் எண்கோணம். 1229இல் எருசலேம் போனார். அங்கே முஸ்லிம்களின் புனிதத் தலமான பாறைக் குவிமாடமும் எண்கோணம். இதெல்லாம் அவர் மனதில் இருந்திருக்கலாம். அகழி இல்லையே என்கிறீர்களா? போர்க்கோட்டை இல்லை என்று வாதாடுங்கள், கேட்கிறேன். மனிதர் கட்டவில்லை என்று அதிலிருந்து எப்படி வரும்?

என் அப்பா கொத்தனார். ஐந்தாவதோடு பள்ளியை விட்டவர். ஊரில் எட்டுப்பட்டை மண்டபத்துக்கு அவர் தரையில் சதுரம் போட்டதை நின்று பார்த்திருக்கிறேன். மூலையிலிருந்து சதுரத்தின் நடுவரைக்கும் நூல் பிடிப்பார். அதே நீளத்தை அந்த மூலையின் இரண்டு பக்கக் கோட்டிலும் குறிப்பார். நாலு மூலைக்கும் அப்படியே. எட்டுப் புள்ளி, எட்டுப் பக்கமும் சமம்.

இதை எழுதியதற்குத்தான் "சாந்து குழைக்கிறவன் மகன் சரித்திரம் பேசுறான்" என்று ஒருவர் எழுதினார். அதற்கு நூற்றுக்கணக்கில் சிரிப்பு. அதில் என் நண்பர்களும் உண்டு. வலித்தது.

அந்தக் கோட்டையின் அறைகள் சரிவகம். சரிவகத்தின் மேல் கல் விதானம் வளைப்பது லேசான வேலையா? நடுவில் ஒரு சதுரத்தைப் பிரித்து அதன்மேல் குறுக்கு வளைவு, இருபுறமும் மிஞ்சிய முக்கோணங்களுக்குத் தனி வளைவு என்று தீர்த்திருக்கிறார்கள். எழுநூறு வருஷத்துக்கு மேல் நிற்கிறது. அந்த மூளையைப் பிடுங்கி எந்தக் கிரகத்துக்காரனுக்குக் கொடுக்கிறீர்கள்? ஏன் கொடுக்கிறீர்கள்?