பாலச்சந்தர் டிவிக்கு போனது இறக்கம்லாம் இல்லைங்க

படம் ஓடாம போனதால தான் டைரக்டர் கே. பாலச்சந்தர் சீரியல் பக்கம் ஒதுங்கினாருன்னு உங்க கட்டுரைல எழுதியிருக்கீங்க, இத ஒத்துக்கவே முடியாது சார். ஏஜி ஆபீஸ்ல (அரசாங்க கணக்கு தணிக்கை ஆபீஸ்) வேலை பாத்துகிட்டே நாடகம் போட்டு அப்புறம் 1965ல நீர்க்குமிழி படம் எடுத்தவரு, ஒரு வீட்டுக்குள்ள நாலு பேர பேச விட்டே கதைய நகர்த்துறது தான் அவரோட பலம், அது டிவிக்கு அப்படியே செட் ஆச்சு. அவரோட ரயில் சிநேகம், கையளவு மனசு சீரியல்கள பாத்தவங்களுக்கு தெரியும். வசனம் சில இடத்துல ஓவர் தான், அது வேற விஷயம். 1985ல வந்த சிந்து பைரவி படத்த சஹானான்னு சீரியலா தொடர்ந்தாரே, எத்தன டைரக்டருக்கு அந்த தைரியம் வரும்? அவரோட மின்பிம்பங்கள் கம்பெனிக்கு டைரக்டர் நாகா பண்ண மர்மதேசம் சீரியல் பத்தி ஒரு வரி கூட காணோமே!