மிஷின் நம்மது, ரீஸ்டார்ட் பொத்தான் மட்டும் அவன் கையிலயா?

கம்ப்யூட்டர் நம்ம காசுல வாங்குனது. கரண்டு பில்லு நாம கட்டுதோம், நெட்டுக்கும் நாமதான் அழுவுதோம். ஆனா அது எப்ப அணைஞ்சு எப்ப எந்திரிக்கணும்னு முடிவு பண்ணுதது விண்டோஸ் அப்டேட்டை அனுப்புத மைக்ரோசாஃப்ட். இந்த அக்கிரமத்தை எல்லாரும் சகஜமா எடுத்துக்கிட்டாங்களேன்னுதான் வயிறு எரியுது.

பேட்டையிலயோ மேலப்பாளையத்துலயோ ஒரு ஜெராக்ஸ் கடை. டிஎன்பிஎஸ்சி விண்ணப்பத்துக்குக் கடைசி நாள், வாசல் வரைக்கும் பிள்ளைக நிக்குது. போட்டோவையும் கையெழுத்தையும் ஸ்கேன் பண்ணி, அளவைக் குறைச்சு ஏத்தி, பணம் கட்டுத பக்கம் வாற நேரத்துல "அப்டேட் நடக்கு, அணைக்காதீங்க"ன்னு 30 சதவீதத்துல நிக்கும் அந்தச் சவம். 4 ஜிபி ரேமும் பழைய ஹார்ட் டிஸ்க்கும் உள்ள மிஷின்னா ஒரு மணி நேரம்கூட இழுக்கும். அன்னைக்குப் பாத்து மாதாந்திரப் பராமரிப்புன்னு கரண்டையும் எடுத்துட்டா 600 விஏ யுபிஎஸ் கால் மணி நேரம் தாங்குறதே பெருசு. பாதியில அணைஞ்ச மிஷின் திரும்பி வந்து, பண்ணுன மாத்தத்தையெல்லாம் பழையபடி ஆக்குதேன்னு இன்னொரு அரை மணி நேரம் உருட்டும்.

பாதுகாப்பு அப்டேட் கண்டிப்பாப் போடணும், அதுல எனக்கு மாத்துக் கருத்தே கிடையாது. 2017 மே மாசம், ஃபைலைப் பூட்டிப் பணம் கேக்குற வான்னாக்ரை வைரஸ் உலகத்தையே ஆட்டுனப்போ, அதைத் தடுக்குற பேட்ச், அதாவது ஓட்டையை அடைக்குற அப்டேட், மார்ச்சுலயே வந்துட்டு. போடாதவங்கதான் மாட்டுனாங்க. ஆனா நம்பிக்கையைக் கெடுத்தது யாரு? 2016ல விண்டோஸ் 10க்கு மாறச் சொல்லி வந்த பெட்டியை வேண்டாம்னு எக்ஸ் குறியை அமுக்குனா, அதையே சம்மதம்னு எடுத்துக்கிட்டது மைக்ரோசாஃப்ட். 2018 அக்டோபர்ல வந்த விண்டோஸ் 10ஓட 1809 பதிப்பு சில பேரோட ஃபைல்களையே அழிச்சு, வெளியீட்டையே நிறுத்த வேண்டியதாச்சு. 2021 மார்ச்சுல பிரிண்ட் கொடுத்தா சில பிரிண்டர்ல நீலத் திரை. இவ்வளவும் பண்ணிட்டு, "எங்க இஷ்டத்துக்கு ரீஸ்டார்ட் பண்ணுவோம்"னா எப்படி?

சரி, நம்ம கையில என்ன இருக்கு? மொதல்ல தேதி. மாசத்துல ரெண்டாவது செவ்வாய்க்கிழமை, அமெரிக்க மேற்குக்கரை நேரம் காலை 10 மணிக்கு அப்டேட்டை விடுதாங்க. நமக்கு அது ராத்திரி பத்தரை, குளிர்காலத்துல பதினொன்றரை. ஆக 9ஆம் தேதியில இருந்து 15க்குள்ள வாற புதன்கிழமை காலையில கடை திறந்ததும் தலையில இறங்கும். செவ்வாய் சாயங்காலமே செட்டிங்ஸ்ல விண்டோஸ் அப்டேட் போயி பாஸ் (Pause) கொடுத்து, அப்டேட்டைக் கொஞ்ச நாளைக்கு நிறுத்தி வச்சிருங்க. விலை குறைஞ்ச ஹோம் எடிஷன்லகூட 35 நாள் வரைக்கும் தள்ளலாம், ஆனா ஒரு வாரம் போதும். அதுக்குள்ள எந்த அப்டேட் எதைக் கெடுத்துச்சுன்னு ஊரெல்லாம் தெரிஞ்சிரும். 35 நாளும் ஓடிட்டுன்னா, நிலுவையில உள்ளதைப் போட்டாத்தான் மறுபடி பாஸ் தரும். அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம், இடி மின்னல் இல்லாத நேரமாப் பாத்து நீங்களே உக்காந்து போடுங்க. ஐப்பசி கார்த்திகையில இது ரொம்ப முக்கியம்.

ஆக்டிவ் அவர்ஸை, அதாவது மிஷின் தானா ரீஸ்டார்ட் ஆகக் கூடாத நேரத்தை, 18 மணி நேரம் வரைக்கும் நீட்டலாம். காலை 7ல இருந்து ராத்திரி 12ன்னு வைங்க. விண்டோஸ் 11ல "புது அப்டேட் வந்த உடனே வேணும்"னு ஒரு சுவிட்ச் இருக்கு, அதைத் தொடவே தொடாதீங்க.

கடையம், பாபநாசம் பக்கம் ஃபோன் ஹாட்ஸ்பாட்ல ஓட்டுதவங்களுக்கு இன்னொரு கொடுமை. ஒரு நாளைக்குள்ள ஒன்றரை ஜிபி டேட்டாவை ஒரே அப்டேட் காலையிலேயே முழுங்கிரும். விண்டோஸ் அதைப் பெரும்பாலும் சாதாரண வைஃபைன்னுதான் நினைச்சுக்கும். அந்த வைஃபையோட ப்ராப்பர்ட்டீஸ்ல போயி, இது அளவு டேட்டான்னு சொல்லுத மீட்டர்ட் கனெக்‌ஷனை ஆன் பண்ணுங்க. பெரும்பாலான அப்டேட் நீங்க டவுன்லோடு அமுக்குற வரைக்கும் காத்துக் கெடக்கும். ஃபைலை நெட்டுல நகல் எடுத்து வைக்குத ஒன்டிரைவ் சிங்க்கும் அதோட நின்னுரும், அதை மறந்துராதீங்க. டெலிவரி ஆப்டிமைசேஷனையும் அணைங்க, இல்லன்னா நம்ம டேட்டாவுல ஊரான் மிஷினுக்கு அப்டேட் போயிட்டிருக்க வாய்ப்பு உண்டு.

ப்ரோ எடிஷன்னா, விண்டோஸுக்குக் கட்டுப்பாடு போடுத ஜிபிஎடிட் (gpedit) கருவி இருக்கு. கம்ப்யூட்டர் கான்ஃபிகரேஷன், அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸ், விண்டோஸ் காம்பொனென்ட்ஸ், விண்டோஸ் அப்டேட்னு இறங்கி உள்ள தேடுனா கான்ஃபிகர் ஆட்டோமேட்டிக் அப்டேட்ஸ் வரும். அதுல 2ஆவது தேர்வை வச்சா, கேக்காம டவுன்லோடு பண்ணாது. பிரிண்டர், ஸ்கேனரையெல்லாம் இயக்குத மென்பொருளான டிரைவரை அப்டேட்டோட சேர்க்காதேங்கிற பாலிசியும் அந்த விண்டோஸ் அப்டேட்டுக்குள்ளயேதான் இருக்கு. ஹோம் வாங்குனவனுக்கு இந்த உரிமை கிடையாதாம். அவனும் காசு கொடுத்துத்தானே வாங்குனான்!

இந்த டிரைவர் விஷயம்தான் பெரிய ரோதனை. நல்லா ஓடிட்டிருந்த ஸ்கேனருக்குப் புது டிரைவரைத் திணிச்சு முடக்கிரும். டிவைஸ் மேனேஜர்ல அந்தச் சாதனத்தோட ப்ராப்பர்ட்டீஸ், டிரைவர், ரோல் பேக். பழசு திரும்பிரும். ஆனா அந்தப் புது டிரைவர் அப்டேட்டை மறைக்காம விட்டா மறுபடி வந்து உக்காரும். மறைக்கிறதுக்கு "ஷோ ஆர் ஹைட் அப்டேட்ஸ்"னு ஒரு குட்டிக் கருவியை மைக்ரோசாஃப்ட்டே விட்டுது, அப்புறம் டவுன்லோடு பக்கத்துல இருந்து தூக்கிட்டு. ஏற்கெனவே வச்சிருக்கவங்க பத்திரமா வச்சுக்கோங்க. மொதல்ல அன்இன்ஸ்டால், அப்புறம்தான் ஹைட். மாசாந்திர அப்டேட்டை மறைச்சாலும் அடுத்த மாசம் வேற கேபி நம்பர்ல (அப்டேட்டோட அடையாள எண்) வந்துரும், அதுக்கு இது நிரந்தர மருந்து ஆகாது.

2021 செப்டம்பர் அப்டேட்டுக்குப் பெறகு, ஷேர் பண்ணுன பிரிண்டர் 011பின்னு முடியுத எரர் காட்டி எத்தனை கடையை மூடவச்சுது! பிரிண்டர் மாட்டுன மிஷினுக்கும் அதைத் தேடுத மிஷினுக்கும் நடுவுல பாதுகாப்பு நிலையை அப்டேட் கூட்டிட்டு, அதுதான் காரணம். விண்டோஸோட உள் அமைப்பெல்லாம் இருக்குத ரெஜிஸ்ட்ரியில பூஜ்யம் போட்டுச் சரி பண்ணித் தாரவங்க, அப்டேட் அடைச்ச அந்தப் பாதுகாப்பு ஓட்டையைத் திரும்பத் திறந்துட்டுப் போறாங்க. ரெண்டு மிஷினையும் ஒரே அளவுக்கு அப்டேட் பண்ணுங்க. சரியாகலன்னா ரெண்டாவது மிஷின்ல லோக்கல் பிரிண்டரா சேர்த்து, புது லோக்கல் போர்ட்டுக்கு ரெண்டு பின்சாய்வுக்கோடு, கம்ப்யூட்டர் பேரு, ஒரு பின்சாய்வுக்கோடு, பிரிண்டர் பேருன்னு கொடுங்க.

சர்வீஸ் பண்ணுத தம்பி யாராவது "அண்ணாச்சி, அப்டேட்டை ஒரேயடியா ஆஃப் பண்ணிட்டேன்"னு காசு கேட்டா கொடுக்காதீங்க. விண்டோஸ் அப்டேட் சர்வீஸை டிஸேபிள் பண்ணி வச்சா, அப்டேட் மெடிக் சர்வீஸ்னு ஒண்ணு திரும்ப உசுப்பி விட்டுரும். அதையும் சேர்த்து முடக்குனா, பாதுகாப்புப் பேட்ச் ஒண்ணுகூட வராம மிஷின் திறந்த வீடாக் கெடக்கும். ஏற்கெனவே அப்படிப் பண்ணி வச்சிருந்தா, சர்வீசஸ்ல போயி விண்டோஸ் அப்டேட்டை மேனுவலுக்கு மாத்திட்டு, நிலுவையில உள்ளதைப் போட்டுட்டு, அப்புறம் பாஸ் கொடுத்து வைங்க.